அத்தையின் போனில் தானாக வளர்ந்த எழுத்து

சேலையூரில் இரண்டாவது மாடி வீடு. இரவு ஒன்பதரைக்குக் குழந்தை தூங்கினால் அவளுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அடுத்த வாரம் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் இன்டர்வியூ. 1984-ல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கிய அதே வளாகத்தில்தான், பிரசவத்துக்கு முன்பு வெப் டிசைன் வேலை பார்த்தாள். நடுவில் ஆறு வருடம் ஓடிவிட்டது.

அப்போது அவள் டீமில் வேலை இப்படித்தான்: கோடில் ஒரு வரி மாற்று, சேவ் பண்ணு, பிரவுசருக்குப் போ, எஃப்5 தட்டு. பக்கம் தானாக ரீலோட் ஆகும் வசதி அன்றைக்கே உண்டு. பழைய ப்ராஜெக்ட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதை அமைக்க நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது கற்றுக்கொள்வது 2020-ல் இவான் யூ வெளியிட்ட ‘வீட்’. பிரெஞ்சு மொழியில் ‘சீக்கிரம்’ என்று பொருள். லேப்டாப்பில் ஓடும் சின்ன சர்வர் ஒன்று ஃபைல்களைக் கவனித்தபடி இருக்கும். சேவ் பண்ணியதும், பிரவுசரோடு திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு வழியாகச் சேதி போகும். நிறமோ எழுத்தளவோ மாறினால் அதை மட்டும் மாற்றும். வேறு வழியில்லாதபோதுதான் முழுப் பக்கத்தையும் ரீலோட் செய்யும்.

இன்டர்வியூவில் காட்ட அவள் செய்துகொண்டிருந்தது நான்கு பக்க பள்ளி அட்மிஷன் படிவம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டத்தை நகர்த்திப் பார்க்க, ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு பக்கங்களை நிரப்ப வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் எதற்குப் போதும்? இதில் பெரும்பாலும், தட்டிய பெயரும் பிறந்த தேதியும் அப்படியே நிற்கும்.

ஒருநாள் என்ன சேவ் பண்ணியும் திரை அசையவில்லை. சர்வரை நிறுத்தித் தொடங்கினாள். பயனில்லை. ஒரு மணி நேரம் போன பிறகு காரணம் பிடிபட்டது. அவளுடையது விண்டோஸ் லேப்டாப். சர்வர் ஓடுவது அதற்குள் இருக்கும் லினக்ஸில். ஃபைல்களோ விண்டோஸ் டிரைவில். அங்கே நடக்கும் மாற்றம் இங்கே இருக்கும் காவலாளிக்குத் தெரியவே இல்லை. ஃபோல்டரை லினக்ஸ் பக்கம் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஃபைல்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்லும் வழியும் உண்டு. லேப்டாப் ஃபேன்தான் ஓயாமல் கத்தும்.

மறுநாள் ‘ஹோஸ்ட்’ வசதியைப் போட்டு, ஒரே வைஃபையில் இருந்த மாமியாரின் போனில் படிவத்தைத் திறந்து கொடுத்தாள்.

“ஏம்மா, எழுத்து எறும்பு மாதிரி இருக்கே...”

ஒரு எண்ணை மாற்றி சேவ் பண்ணினாள். போனில் எழுத்து பெரிதானது.

“நான் எதையும் தொடலையே!” என்று போனைத் தள்ளிப் பிடித்தார்.

“நான்தான் இங்கேருந்து மாத்தினேன் அத்தை.”

“அப்படியா? அப்ப அந்தப் பச்சை பட்டனைக் கொஞ்சம் கீழே இறக்கு. கட்டைவிரலுக்கு எட்டல.”

அன்றைக்கு மணி பன்னிரண்டாகியும் மாமியார் தூங்கப் போகவில்லை. பட்டியலில் இன்னும் ஐந்து குறைகள் பாக்கி இருந்தன.