வெயிலில் வளைந்த கொம்புகள்

மார்கழி மாதத்துப் பேராதனைக் காலை. மகாவலியின் மேலே, அக்பர் பாலத்திற் கலைப்பீட மாணவன் ஒருவன் நிற்கின்றான். இளவெயில் முகத்தைச் சுடுகின்றது. முதுகிலோ ஹந்தானைக் குளிர் இன்னும் அகலவில்லை. அக்கரைப் பொறியியற் பீடத்து நண்பன் முதல்நாள் இரவு கூறிய துணைக்கோளின் கதை அவன் நினைவுக்கு வருகின்றது. கணக்கறிந்தோர் கட்டியது ஏன் பிழைத்தது என்ற வினா அவனை உறங்கவிடவில்லை.

கனடாவின் முதலாவது செயற்கைத் துணைக்கோளாகிய அலுவெற் 1962 செப்டெம்பர் 29 இல் ஏவப்பட்டது. அயன மண்டலத்தை மேலிருந்து ஆராய்வது அதன் பணி. அதற்கென, சுருட்டிவைத்த உருக்கு நாடாக்கள் விண்ணிலே நீண்ட உணர்கொம்புகளாக விரிந்தன. நீளமான சோடி முனைக்கு முனை 45 மீற்றருக்கும் அதிகம். பம்பரம்போற் சுழன்று நிலைதளராதிருக்க வேண்டிய அக்கோளின் சுழற்சி, எதிர்பார்த்ததிலும் விரைவாகத் தணிந்தது.

காரணம் யாது? கொம்பின் வெயில்படும் பக்கம் சூடேறி நீளும்; மறுபக்கம் அவ்வளவு நீளாது. சூட்டைப் பரப்பக் காற்றும் அங்கில்லை. எனவே மெல்லிய கொம்பு வளைகின்றது.

மாணவன் திரும்பி நின்று முதுகை வெயிலுக்குக் காட்டுகின்றான். குளிர் உடனே விலகவில்லை. ஆம், சூடேறவும் ஆறவும் நேரஞ் செல்லும். சுழலும் கொம்பிலும் இவ்வாறே வளைவு சற்றுப் பிந்தித் தொடர்கின்றது.

ஞாயிற்றொளிக்கு அமுக்கமும் உண்டு. அது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் எடையளவே. கொம்புகள் நேராயிருப்பின் அதன் விளைவு ஒவ்வொரு சுற்றிலும் சமப்பட்டுவிடும். பிந்தி வளைந்த கொம்புகளிலோ அது சமப்படாது எஞ்சி, சுழற்சியை எதிர்த்தது. 1965 இல் ஏவப்பட்ட இரண்டாம் அலுவெற்றின் நீண்ட கொம்பு நுனிகளில் தகடுகள் பொருத்தி இக்குறையைத் திருத்தினர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து எட்கினும் ஹியூஸும் 1967 இல் இதற்குக் கணித விளக்கம் அளித்தனர்.

முதலாவது அலுவெற், சுழற்சி தணிந்தும், பத்தாண்டுகள் பணிசெய்தது. கணக்கிற் பிழையில்லை, கொம்பு என்றும் நேராகவே நிற்கும் என்ற எண்ணத்திலேதான் பிழை. அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள அவர்கள் நாணவில்லை. தன் பாடங்களில் எத்தனை வளைவுகளை நேர்கோடுகளென அவன் வினவாமலே ஏற்றிருக்கின்றான்!

முதுகில் இப்பொழுது வெயில் உறைக்கின்றது. விரிவுரைக்கு இன்னும் நேரமிருக்கின்றது. அவன் நண்பனைத் தேடி அக்கரைக்கு நடக்கின்றான்.