மழையிடம் தோற்ற சென்னை டிராம்!

சோழவரம் ஏரியை நிரப்பிச் சென்னைக்குக் குடிநீர் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அதே மழைதான் ஒரு காலத்தில் சென்னையின் டிராம் வண்டிக்கு வில்லன்!

சோழவரத்திலிருந்து செங்குன்றம் வழியாகத் தெற்கே வந்தால் பாரிமுனை. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடிய இடங்களில் இதுவும் ஒன்று. 1895 மே 7-ல் அந்தச் சேவை தொடங்கியபோது, லண்டனில் பெரும்பாலும் குதிரைகள்தான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தன.

ஆரம்பகாலச் சென்னை டிராமுக்குத் தலைக்கு மேல் கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பள்ளம்; மின்சாரம் அதற்குள். வண்டியின் அடியிலிருந்து ஒரு தகடு பிளவு வழியே இறங்கி அதை எடுக்கும். கம்பி தொங்கினால் தெரு அசிங்கமாகும் என்று வாஷிங்டன் நகர மையத்திலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால், பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் என்ன ஆகும்? மின்சாரம் கசியும், வண்டி நிற்கும். சில ஆண்டுகளிலேயே கம்பி மேலே ஏறியது. வண்டிக் கூரையில் தூண்டில் போல ஒரு நீளக் கம்பு முளைத்தது. பார்க்க அழகில்லைதான். ஆனால், 1921-ல் 97 வண்டிகள் 24 கி.மீ. பாதையில் ஓடின. 1953 ஏப்ரலில்தான் டிராம் நின்றது.

இன்று பாரிமுனை அருகே மெட்ரோ ரயில் பூமிக்கு அடியில் ஓடுகிறது. அங்கேயும் மின்கம்பி ரயிலின் தலைக்கு மேல்தான்!