வீடும் பள்ளியும்: சண்டிகரில் கண்டவை

டில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்திருப்பது சண்டிகர் நகரம். நாட்டுப் பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாப், தனக்கென ஒரு தலைநகர் வேண்டி எழுப்பிய ஊர் அது. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் முதல் திட்டத்தை வகுத்தார். 1951 முதல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயும் அவருடைய துணைவர்களும் அதைத் திருத்தி நிறைவேற்றினர். 1953 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நகரைத் தொடங்கி வைத்தார். அங்கே செல்வோர் சட்டசபைக் கட்டடத்தையும், சுக்னா ஏரியையும், நேக் சந்த் உடைசல்களைக் கொண்டு சமைத்த பாறைத் தோட்டத்தையும் கண்டு திரும்புவது வழக்கம். நாங்களும் அவற்றைக் கண்டு களித்தோம். எனினும் எங்கள் கருத்தை மிகுதியும் கவர்ந்தது வேறொன்று. அது அந்நகரில் பள்ளிக்கூடங்களுக்குத் தரப்பட்ட இடம்.

சண்டிகரின் அடிப்படை அலகு 'செக்டர்' எனப்படும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. வேகமான வண்டிகள் ஓடும் பெருஞ்சாலைகள் செக்டரைச் சுற்றிச் செல்லுமேயன்றி, அதன் உள்ளே புகா. குறுக்கே ஒரு கடைத்தெரு. நெடுக்கே ஒரு பசும்பட்டை. அப்பசும்பட்டையை ஒட்டியே பள்ளிகளுக்கு நிலம் ஒதுக்கினர். முதன்முதலில் எழுந்த செக்டர்களுள் ஒன்றான 22ஆம் செக்டரில் காலை வேளையில் நடந்து பார்த்தோம். எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் நடுவிடம் நேர்க்கோட்டில் முக்கால் கிலோமீட்டரைத் தாண்டாது. ஐந்து வயதுக் குழந்தையும் பாட்டனாரின் விரலைப் பற்றிக்கொண்டு, பெருஞ்சாலை எதையும் கடவாமல், மர நிழலில் நடந்தே பள்ளியை அடையலாம். வீட்டுக்கு அளவெடுத்தபோதே பள்ளிக்கும் அளவெடுத்திருக்கிறார்கள் என்பதை அங்கே கண்கூடாகக் கண்டோம்.

இக்கருத்து சண்டிகரில் பிறந்ததன்று. அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929ஆம் ஆண்டிலேயே, ஒரு தொடக்கப் பள்ளியை நிரப்பக்கூடிய மக்கள் தொகையே ஓர் அண்டைக் குடியிருப்பின் அளவாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். அதாவது, பள்ளியை முதலில் வைத்து, அதைச் சுற்றி வீடுகளை எண்ணுவது. நம் மத்திய அரசு 2014இல் வெளியிட்ட நகரத் திட்ட நெறிகளும், 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, 7,500 பேருக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி என்றே கூறுகின்றன.

ஆனால் திட்டம் தாளில் நின்றுவிடும், மக்கள் நிற்பதில்லை. சண்டிகர் இறுதியில் 5 இலட்சம் பேருக்கு இடமளிக்கும் என்று எண்ணப்பட்டது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், அந்த யூனியன் பிரதேசத்தின் மக்கள் தொகை 10,55,450 ஆகிவிட்டது. ஒரு குடும்பத்துக்கென அமைந்த மனைகளில் மாடிக்கு ஒரு குடும்பமாகக் குடியேறும் வழக்கமும் பெருகிற்று. 2023 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம், முதற்கட்டமாகிய 1 முதல் 30 வரையுள்ள செக்டர்களில் தனி வீடுகளை அவ்வாறு கூறுபோடுவதற்குத் தடை விதித்தது. நகரின் மரபுச் சிறப்பைக் காப்பதே அத்தீர்ப்பின் முதன்மையான நோக்கம். எனினும் அதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு: ஒரு வீடு மூன்றாகும்போது பள்ளி தானாக மூன்றாகிவிடுவதில்லை.

நகரின் எல்லையைத் தாண்டி, அம்பாலா சாலையில் பஞ்சாபைச் சேர்ந்த ஜீரக்பூருக்குச் சென்றோம். 2001இல் ஏறத்தாழ 25,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2011இல் 95,000 பேருக்கு மேல் இருந்தனர். பத்தே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மிகுதி! சண்டிகரில் நிலம் வாங்க இயலாதவர்கள் இங்கே அடுக்குமாடி வீடுகளை நாடி வருகின்றனர். விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில், முதுகில் புத்தகப் பையுடன், தூக்கம் கலையாத கண்களோடு பள்ளி வண்டிக்குக் காத்து நின்ற சிறுவர்களைக் கண்டோம். 22ஆம் செக்டரின் மர நிழல் எங்கள் நினைவுக்கு வந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. குழந்தையின் நாளிலோ எவ்வளவு வேற்றுமை!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், மூன்று வீட்டுக்கு ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தை என்று கொண்டாலும், 333 குழந்தைகள். 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால், பன்னிரண்டு வகுப்பறைகளும் பன்னிரண்டு ஆசிரியர்களும் வேண்டும். ஆயிரம் வீடுகளை எழுப்ப ஒரு கட்டட நிறுவனத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் போதும். பள்ளிக்கோ நிலம், நிதி, அனுமதி, ஆசிரியர் நியமனம் ஆகிய அனைத்தும் கைகூட வேண்டும். புதிய குடியிருப்புகளில் இளந்தம்பதியரே மிகுதியாகக் குடியேறுவதால், குழந்தைகள் அனைவரும் ஒரே காலத்தில் பள்ளி வயதை எட்டுகின்றனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளியில் பெஞ்சுகள் வெறுமையாகலாம். ஆகவே தலைக்கணக்கு மட்டும் போதாது, வயதுக்கணக்கும் வேண்டும்.

இக்குறைக்கு மூலகாரணம் யாது? வீட்டுக்கு அனுமதி தருவது ஒரு துறை; பள்ளியைத் திறப்பது மற்றொரு துறை. சண்டிகரைச் சூழ்ந்த பகுதியிலோ யூனியன் பிரதேசம், பஞ்சாப், அரியானா என்று மூன்று ஆட்சிகள். தந்தை ஓர் ஆட்சியில் பணி புரிவார். குடும்பம் மற்றோர் ஆட்சியில் வாழும். குழந்தையை எவர் கணக்கில் எழுதுவது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அண்மைப் பள்ளியை ஏற்படுத்தும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேர்த்தே விதித்தது. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் என்று மத்திய அரசின் விதிகள் எல்லையும் குறித்தன. சட்டம் இருக்கிறது, மனைகளுக்கு அனுமதி தரும் மேசையில் அச்சட்டத்தின் பிரதி விரிந்து கிடக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பிழைப்பை நாடி வெளியூர் வந்த நமக்கு இது அயலார் விவகாரமன்று. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி. அரசு ஊழியர் குடியிருப்புகள் பரவிய திசையிலேயே நம் முன்னோர் பள்ளியையும் கொண்டு சென்றனர். வீடு சென்ற வழியே பள்ளியும் செல்ல வேண்டும் என்பதை அவர்கள் எந்த நெறிநூலையும் படித்து அறியவில்லை. தம் மக்களின் முகத்தைப் பார்த்து அறிந்தனர்.

இன்று புதிய குடியிருப்புகளில் வீடு வாங்க முற்படும் அன்பர்கள், தண்ணீரையும் மின்சாரத்தையும் விசாரிப்பது போலவே, பள்ளிக்கென ஒதுக்கிய மனை எது, அதில் கட்டடம் எழுந்துவிட்டதா, குழந்தை நடந்து செல்ல வழி உண்டா என்றும் கேட்டறிதல் நலம். வரைபடத்தில் பச்சையும் நீலமுமாகத் தீட்டிய பள்ளியில் எந்தக் குழந்தையும் எழுத்துப் பயில முடியாது. நகரத் திட்டத்தின் வரைவு வெளியாகி மக்களின் கருத்தும் ஆட்சேபனையும் கோரப்படும் காலத்தில், சங்கங்கள் வாயிலாக ஒரு விண்ணப்பமேனும் எழுதி அனுப்புதல் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்க்கும் அவ்வுரிமை உண்டு. நாம் இவ்வூரில் எத்தனை ஆண்டு இருப்போமோ, அறியோம். ஆனால் நம் மக்களின் பள்ளிப் பருவம் ஒருமுறைதான் வரும்.