நாலு பாட்டில் வேகும் மீன்

எங்கள் வீட்டு ஓவனுக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் வேலை. தீபாவளிக்கு முன்பு அம்மா அதில் பிஸ்கட் சுடுவார். மற்ற பதினொரு மாதமும் பழைய தட்டுகளும் காலி டின்களும் அதற்குள் குடியிருக்கும். போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டெண்ட் வைத்த பிறகுதான் அந்த டின்களை வெளியே எடுத்தேன்.

"பொரிச்சதைக் குறைச்சுக்குங்க" என்றார் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் பொரித்த மீன் என்று பழகிய வீடு எங்களுடையது. அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மீன் பொரிக்கும் இரும்புச் சட்டியைக் கழுவித் துடைத்து, நாளிதழில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதன் பிறகு ரசமும் அவித்த காய்கறியும்தான். ஒரு நாள் இரவு, "முப்பத்தெட்டு வருசமா நான்தானே தம்பி பொரிச்சுப் போட்டேன்" என்றார். தினமும் நாலு மணி நேரம் மைக் முன்னால் பேசுகிறவன் நான். அம்மாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

மறுநாள் மீன் வாங்கப் போனேன்.

காலை நிகழ்ச்சியை முடித்து, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வந்து சேரும்போது மணி பதினொன்றாகிவிடும். அந்த நேரத்துக்கு மார்க்கெட்டில் நாம் கேட்பது இருக்காது. "சியாக்காப் ஹபிஸ், அண்ணே" என்பார் மீன்கார அங்கிள். மிஞ்சியதை வாங்கி, வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்ய வேண்டியதுதான்.

முதல் நாள் கெம்போங். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு பூசி, ஃபாயிலில் சுற்றி, 200 டிகிரியில் வைத்தேன். திறந்தபோது மீன் தன் தண்ணீரிலேயே வெந்து கிடந்தது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று தட்டை நகர்த்தினார். இரண்டாவது முறை தெங்கிரி. ஃபாயில் வேண்டாமென்று திறந்தே வைத்தேன். துண்டுகள் மரப்பலகை மாதிரி காய்ந்துவிட்டன.

மூன்றாவது முறை மசாலா கலக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்றார். "வதக்காம பூசினா பச்சை வாசம் எப்படிப் போகும்?" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் புளி. ஒரே ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி ஆறவைத்தார். மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். இரண்டு பக்கமும் மூன்று கீறல் போட்டு மசாலாவை உள்ளே அடைத்தார். வாழையிலையை நெருப்பில் வாட்டிச் சுற்றினார். பொரிக்கும்போது மசாலாவின் பச்சை வாசத்தை எண்ணெய் போக்கிவிடும். இலைக்குள்ளே இருப்பது ஆவி, அதற்கு அந்தச் சூடு போதாது. எனக்கு இரண்டு மீன் வீணாகித் தெரிந்தது, அம்மாவுக்கு மூக்கிலேயே தெரிந்தது.

முக்கால் கிலோ மீனுக்கு இலைக்குள் இருபது நிமிடம், பிறகு இலையைத் திறந்து ஐந்து நிமிடம். முள்ளை ஒட்டிய சதை வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. இப்போது எங்களுக்குக் கை பழகிவிட்டது. கெம்போங்கில் இயல்பாகவே கொழுப்பு உண்டு, சீக்கிரம் காயாது. தெங்கிரி கிடைத்தால் மசாலாவில் இரண்டு கரண்டி தயிர். புளி தீர்ந்துபோன நாளில் லிமாவ் கஸ்தூரி. பூங்கா கந்தான் கிடைத்த ஒரு நாள் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன். "இது நம்ம சமையலா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா இரண்டாவது துண்டு எடுத்தார்.

அன்று சாப்பாட்டின்போது அம்மா மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார். முன்பே இப்படிச் செய்து கொடுத்திருக்கலாம் என்றார். அப்பா முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "ஏன், நான் பிடிச்ச சிகரெட்டையும் நீதான் பத்த வெச்சுக் கொடுத்தியா?" என்றார். அம்மா முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அப்பாவிடம் இருந்திருக்கிறது.

போன சனிக்கிழமை எனக்கு மதிய நிகழ்ச்சி. வீடு திரும்பியபோது கேட்டருகிலேயே வாட்டிய இலையின் வாசம். அம்மா தனியாகவே ஓவனில் வைத்து எடுத்திருந்தார். நேரம் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அந்த ஓவனின் மணி எப்போதோ கெட்டுவிட்டது.

"ரேடியோ ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு" என்றார். "நீ போட்ட நாலு பாட்டு முடிஞ்சதும் இலையைத் திறந்தேன். நடுவுல நீ ரொம்பப் பேசிட்டே. வால் பக்கம் கொஞ்சம் தீஞ்சு போச்சு."