குத்தகைச் சீட்டு

ஓய்வு பெறும்வரை காரைக்காலில் பொருளியல் ஆசிரியராக இருந்தேன். அரசலாற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம்தான் அதைக் குத்தகைக்குச் செய்கிறது. எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து இல்லை. வகுப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு வயலில் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ராபர்ட் சோலோ. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைவு இரட்டிப்பானது. அந்த உயர்வில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் கூடுதல் மூலதனம் காரணம், மீதி ஏழு பங்கும் தொழில்நுட்ப மாற்றத்தால் வந்தது என்று 1957-இல் அவர் கணக்கிட்டார். அந்த ஏழு பங்கில் இயந்திரம் மட்டும் இல்லை. உழைப்பவரின் படிப்பும், வேலையைத் திருத்தமாகச் செய்யும் அறிவும் அடக்கம். 1966-இல் நெல்சன், ஃபெல்ப்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள்: படித்த உழவன் புதுமுறையை முந்தி ஏற்கிறான், படிப்பின் பலன் அங்கேதான் தெரிகிறது. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

குத்தகைக்காரரின் மகன் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவன். பிறகு வேளாண்மைப் பட்டயம் படித்தான். ஒரு சம்பாவுக்கு முன்னால் திருந்திய நெல் சாகுபடியைப் பற்றிப் பேச வந்தான். மடகாஸ்கரில் ஆன்ரி த லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் வகுத்த முறை அது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதைத்த இடத்தில் 2, 3 கிலோ போதும். பெரிய முதல் வேண்டாம், கற்றுக்கொண்ட கைதான் வேண்டும். சோலோவின் ஏழு பங்கு என் திண்ணைக்கே வந்திருந்தது.

"மூணு மாவுல மட்டும் செஞ்சு பாக்குறேன் சார். நிலத்த சமப்படுத்தணும், களைக்கருவி வாங்கணும். அப்பா பேருக்கு ஒரு குத்தகைச் சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா சொசைட்டியில லோன் கேப்பேன்."

"வெளைச்சல் விழுந்தா எனக்கு அளக்குற நெல்லுக்கு என்ன தம்பி வழி?" என்றேன். அது சாக்கு. எழுத்தில் கொடுத்தால் குத்தகை உரிமை பதிவாகிவிடும், பிறகு நிலத்தை நினைத்தபோது விற்க முடியாது. என் கணக்கு அதுதான். அதோடு விடவில்லை. "படிச்சவன் சேத்துல ஏன் நிக்கிறே, வெளிநாடு போ" என்று புத்தியும் சொன்னேன். வாத்தியார் சொல் என்று அவன் அதைக் கேட்டான். வளைகுடாவில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் படித்த படிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

160 சதுர கிலோமீட்டர் அளவுள்ள மாவட்டம் எங்களுடையது. 1987-இலிருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, 2010-இல் என்.ஐ.டி. வந்தது. "இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லையே" என்று மேடையில் நானும் வருந்தியிருக்கிறேன். அவர்களில் ஒருவனை நானே அனுப்பிவைத்ததை அந்த மேடைகளில் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் பயிர் அழுகிய ஒரு வருடம் நிவாரணப் பணம் பட்டாக்காரன் என்று என் கணக்குக்கு வந்தது. விதைத்ததும் நட்டதும் இழந்ததும் குத்தகைக்காரர். அவருக்கு ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை, அதைக் கொடுக்காதவனும் நான்தான்.

போன தை மாதம் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நிவாரணத்தில் நான் வைத்துக்கொண்டதையும் எண்ணிக் கொடுத்தேன். அவருக்கு இப்போது குனிந்து நடவு பார்க்க முடியவில்லை. மகன் அடுத்த மாதம் விடுப்பில் வருகிறான். நான் அன்று சொன்ன காரணம் பொய் என்பதை அவனிடம் நேரில் சொல்ல வேண்டும்.