லிப்டன் சீட்டுக்கு நடந்து போகிறவர்களுக்கு

மலை பார்க்கப் புறப்படும் பலருக்கு உச்சி மட்டுமே கணக்கு. வாகனம் கடைசி வளைவுவரை போகும். இறங்கிக் கொஞ்சதூரம் நடந்தால் கம்பித் தடுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டுப் படமெடுத்துத் திரும்புவார்கள். ஹப்புத்தளைக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட்டுக்கு நான் ஓட்டோவிலும் போயிருக்கிறேன், நடந்தும் போயிருக்கிறேன். ஓட்டோவில் போனபோது ஓர் அழகான இடத்தைப் பார்த்தேன். நடந்து போனபோதுதான் அந்த அழகு எப்படி உண்டானது என்று பார்த்தேன்.

ஹப்புத்தளை, இலங்கை மலைநாட்டின் தெற்கு விளிம்பில் 1,400 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் சிறு நகரம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் அதன் நடுவே நின்று போகிறது. கடைத்தெருவின் ஒரு முனையில் நின்றால் தெற்கே தாழ்நிலம் சட்டென்று கீழே இறங்கும். திரும்பினால் ஊவா மாகாணத்தின் மலைகள் அடுக்கடுக்காக எழும். அங்கிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சுமார் 10 கிலோமீற்றர். தோட்டத்து மக்கள் ஏறி இறங்கும் பஸ்ஸே அதற்குப் போதும். தொழிற்சாலையிலிருந்து உச்சிவரை இன்னும் 7 கிலோமீற்றர் தேயிலை மலை. நடக்க வேண்டிய தூரம் அதுதான்.

விடியும்போதே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தெற்குத் தாழ்நிலத்தின் சூடான, ஈரமான காற்று மலைச்சுவரில் மோதி மேலெழும். எழும்போது குளிர்ந்து மூட்டமாகிவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உச்சிக்கு வருகிறவர்கள் பல நாட்களில் வெள்ளைத் திரையைத்தான் பார்க்கிறார்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை வேறொரு காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும். அந்த உலர்காற்றில் தேயிலைச் செடியின் வளர்ச்சி மட்டுப்பட்டு இலையில் மணம் ஏறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு இருக்கும் தனிப்பெயர் இந்தச் சில மாதக் காற்றினால் வந்தது. அந்த நாட்களில் நடந்து போனால் அதே காற்று நம் உதட்டையும் உலர்த்தும்.

நடையின் முதல் மணி நேரத்தில் கண் பச்சையை மட்டும்தான் பார்க்கும். அதன் பிறகு பச்சைக்குள் இருக்கும் வேலை தெரியத் தொடங்கும். நம் இடுப்பளவுக்கு மட்டமாக நிற்கும் ஒவ்வொரு செடியும், வெட்டாமல் விட்டால் பெரிய மரமாகிவிடக்கூடியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் கொழுந்து எடுத்து எடுத்துத்தான் அதை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி சரிவின் குறுக்கே கான் வெட்டியிருக்கிறார்கள். பாதையின் மேற்புறத்தில் சுண்ணாம்போ சிமெந்தோ இல்லாமல், கல்லின்மேல் கல்லைப் பொருத்தி எழுப்பிய கட்டுகள் நெடுக நிற்கின்றன. படங்களில் நாம் கண்டு வியக்கும் அந்த வளைவு வளைவான கோடுகள் எல்லாம் மண்வெட்டியும் அலவாங்கும் போட்டவை.

ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “எங்க தம்பி, சீட்டுக்கா? இன்னும் தூரம் கெடக்கு. ஒக்காந்து போங்க.” நான் சாய்ந்திருந்த கல்லுக்கட்டைத் தட்டிக் காட்டி, எந்தக் காலத்தில் கட்டியது அம்மா என்றேன். “எங்க தாத்தாமாரு கட்டுனது. ஒரு கல்லு அசையல பாருங்க” என்றார். அவர் குரலில் இருந்த பெருமை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்காது.

அவருடைய நாளின் கணக்கு வேறு. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்த பின் மலைக்கு ஏற வேண்டும். எடுத்த கொழுந்தைக் கொழுந்து மடுவத்தில் நிறுக்க வேண்டும். தோட்டம் குறித்த கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு குருத்துமாக அத்தனையும் விரலால் கிள்ளியவை. நாம் ஒருநாள் ஏறிவிட்டுக் கால்வலி என்று சொல்லும் சரிவில் அவர்கள் மழையிலும் அட்டைக்கடியிலும் முதுகுச் சுமையோடு தினம் ஏறி இறங்குகிறார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அதைப் பெற்றார்கள். உச்சியில் ஒரு தேநீரை ரசித்துக் குடிக்கும் யாருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலைக்குப் பெயர் கொடுத்தவர் தோமஸ் லிப்டன். 1848இல் கிளாஸ்கோவில் பிறந்து, மளிகைக் கடைகளால் பணக்காரரான இவர், 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலையும் அதே ஆண்டில் எழுந்தது. கோப்பிச் செடிகளை 1869 முதல் இலைத்துரு நோய் அழித்துவிட்டதால் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. லிப்டன் இந்த உச்சியில் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். இன்று அங்கே ஒரு வாங்கில் அவர் சிலையாக அமர்ந்திருக்கிறார். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படமெடுக்கிறார்கள். கல்லுக்கட்டைக் கட்டிய தாத்தாமாரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அந்தத் தாத்தாமார் இந்த மலைகளுக்கு எப்படி வந்தார்கள் என்று நினைத்தால், நாம் நடக்கும் ஏழு கிலோமீற்றர் மிகச் சிறியதாகிவிடும். மதுரை, திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் வாழ முடியாமல் போனவர்களைக் கங்காணிமார் திரட்டி அழைத்து வந்தார்கள். கோப்பிக் காலத்தில் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு, 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் அதே வழியில் ஒரு நடைபயணம் போனார்கள். இந்த நாட்டின் மலைநடைகளில் நான் முதலில் வணங்குவது அதைத்தான்.

மலையைத் தேயிலையாக்கிய அந்த மக்களை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மறுபடி தேயிலை மலையிலேயே குடியேறினார்கள். இங்கே எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இவ்வளவும் மனதில் இருக்க, உச்சியில் நின்று பார்ப்பது வேறொரு அனுபவம். லிப்டன் சீட்டின் உயரம் ஏறக்குறைய 1,970 மீற்றர். மேகமில்லாத காலையில் தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரிந்து கிடக்கும். உடவளவை நீர்த்தேக்கம் வெயிலில் மின்னும். மேற்கிலும் வடக்கிலும் மலைக்குப் பின்னால் மலை. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள், ஒரு மாரியம்மன் கோயில், வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். எவ்வளவு நேரம் நின்றாலும் கண் நிறையாத இடம் அது.

ஆனால் இந்தத் தெற்குச் சரிவுத் தொடரில்தான் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மலை சரிந்து அங்கே லயங்களை மூடிவிட்டது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயேதான் இருக்க வேண்டியிருந்தது. நமக்குக் காட்சியாகத் தெரியும் சரிவில் சிலருக்கு வீடு இருக்கிறது, மழை இரவுகளில் பயம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நியாயமாகாது.

மலைநாட்டில் நடைக்கு இப்போது நல்ல காலம். கண்டியிலிருந்து நுவரெலியாவரை, ஹப்புத்தளை, எல்ல வழியாக, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து ‘பீக்கோ ட்ரெயில்’ என்ற நடைப்பாதையை 22 பகுதிகளாக அமைத்திருக்கிறார்கள். மொத்தம் 300 கிலோமீற்றருக்கும் மேல். வெளிநாட்டார் முதுகுப் பையோடு நாள்கணக்கில் நடக்கிறார்கள். அந்தப் பாதைகளில் நடந்துகொண்டே, எதிரே வருகிறவரிடம் தம் மொழியில் பேசக்கூடிய வாய்ப்பு தமிழ் வாசகருக்கு இருக்கிறது. நம்மில் பலர் அந்த வாய்ப்பை ஓட்டோவின் வேகத்தில் கடந்துவிடுகிறோம்.

எனவே போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். தேயிலை நிரைகளுக்குள் படமெடுக்கப் புகாதீர்கள்; அது ஒருவருடைய வேலைத்தளம். கொழுந்து எடுப்பவரைப் படமெடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சுமையோடு வருகிறவருக்குப் பாதையின் உட்பக்கத்தை விட்டுக்கொடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உச்சியில் இருக்கும் சிறு கடையில் பிளேன்டீயும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிடுங்கள். எதிர்ப்படும் பெரியவர்களிடம் அந்த மலையின் பெயரையும் அவர்களுடைய ஊர்க்கதையையும் கேளுங்கள். சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்துத் தம்பேதன்னையில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்தே போங்கள்.