தேக்காவில் அம்மாவுக்கும் ஓர் இலை

விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போகிறீர்களா? கடைகளைச் சுற்றிவிட்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஜொகூர்பாருவில் 170ஆம் எண் பேருந்தில் ஏறி, குவீன் ஸ்திரீட்டில் இறங்குங்கள். சற்று நடந்தால் சிராங்கூன் சாலை. நம்மவர் வாயில் அந்த வட்டாரமே தேக்காதான்.

அங்கே சைவ உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. ஆனந்த பவன் அதற்கும் மூத்தது, 1924இல் தொடங்கியது. சோறு, சாம்பார், கூட்டு, ரசம், அப்பளம், மோர் எனச் சுடச்சுட வருகிறது.

நம் வீட்டை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, உலை வைத்துவிட்டு வேலைக்காட்டுக்கு ஓடுகிற அம்மா, எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத்தானே சாப்பிடுகிறாள்? இங்கே அவளுக்கும் நம்மோடு சேர்ந்தே பரிமாறுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா, அம்மா?" என்று கேட்கிறார்கள். அவள் பிறரைக் கேட்டே பழகியவள். அவளை யார் கேட்டார்கள்?

அதே வட்டாரத்தில் மதுக்கடைகளும் உண்டு. ஐயாமாரே, அங்கே நண்பர்களோடு ஒரு மாலையில் கரைகிற காசில், குடும்பமே இங்கு வயிறார உண்டு எழலாம். கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்தை நாம் பார்க்காதவர்களா?

காசு சேர்த்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். வீடு திரும்பியதும், அம்மாவின் தட்டையும் உங்கள் தட்டோடு சேர்த்து வையுங்கள். அதற்குக் கடப்பிதழ் வேண்டாம், காசும் வேண்டாம்.